ஊருக்குள் குலுக்கல் வேண்டும்: குடவோலை பற்றி ஒரு விவாதம்

கடைமடைக்காரன் (தலைஞாயிறு பக்கம்):

2016 மே மாதம் நடக்க வேண்டிய தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலை, வாக்காளர்களுக்குப் பணம் போனது என்று சொல்லித் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. அரவக்குறிச்சிக்கும் அப்படித்தான். இரண்டு ஊரிலும் நவம்பரில்தான் ஓட்டுப் போட்டார்கள். நம் டெல்டாவின் தலைநகரில் நடந்த விஷயம் இது. அதற்கப்புறம் பணம் குறைந்ததா? ஊராட்சித் தேர்தலிலேயே இப்போது லட்சக்கணக்கில் இறக்குகிறார்கள். போட்ட காசை எடுக்கிற இடம் எது? வாய்க்கால் தூர்வாருகிற வேலைதான். பத்து அடி அகலம் என்று எழுதிவிட்டு ஆகாயத்தாமரையை மட்டும் வழித்துக் கரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் தண்ணீர் வராமல் நிற்பது நாங்கள்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டு இருக்கட்டும். ஊருக்குள் வேலையையும் கணக்கையும் மேற்பார்வை பார்க்கிற குழுக்களைக் குலுக்கலில் எடுப்போம் என்கிறேன். தூர்வாரும் வேலை, குளம், நெல் கொள்முதல் நிலையம், நூறு நாள் வேலை, இதெல்லாம். சீட்டு விழுந்தவர் ஒரு வருடம் பார்ப்பார், அப்புறம் வேறு ஆள். செலவு செய்து வராதவருக்கு எடுக்க வேண்டிய காசு இல்லை. யார் வருவார் என்று தெரியாதபோது முன்கூட்டியே யாரைக் கையில் போட்டுக்கொள்வது?

இது நமக்குப் புதிதும் இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) விதியையே வெட்டி வைத்திருக்கின்றன. ஊரை 30 குடும்பாக, அதாவது பகுதியாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இதுதான் குடவோலை. சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. பதவி 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இந்த ஒரு விதி இன்றைக்கு இருந்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

குடந்தை வாசகர்:

பணப் பட்டுவாடா பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. மருந்துதான் தவறு. எஸ்டிமேட் படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டு விழுந்தால் அவர் எதை மேற்பார்வை பார்ப்பார்? ஒப்பந்தக்காரர் காட்டுகிற இடத்தில் கைநாட்டு வைப்பார். தகுதி வேண்டும் ஐயா. ஹரியானாவில் 2015இல் ஊராட்சித் தேர்தலில் நிற்பவருக்குப் படிப்புத் தகுதி வைத்தார்கள், உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அது செல்லும் என்றது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இலேயே படித்தவருக்குக் கூடுதல் ஓட்டு தரலாம் என்று எழுதினார். விவரம் தெரிந்தவர் கையில் பொறுப்பைக் கொடுப்பது அநியாயம் இல்லை. குடவோலையிலும் தகுதி இருந்ததே?

கீழ்வேளூர்ப் பெண்:

இருந்தது ஐயா. அந்தத் தகுதி என்ன என்பதை இரண்டு பேருமே சொல்லாமல் விட்டுவிட்டீர்கள், நான் சொல்கிறேன். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். அது பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை. நிலத்தில் இறங்கி வேலை செய்தவர் பெயரோ பெண் பெயரோ அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை.

சொந்த மனையில் வீடு என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பண்ணையில் வேலை பார்த்த குடும்பங்கள் மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்தன. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். அந்த மனை அவர்களுக்குச் சொந்தமாக வழி செய்தது 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தக் கல்வெட்டின் இந்த ஒரு தகுதியைக்கூட எங்கள் ஆட்கள் எட்டவில்லை.

ஓட்டு எங்களுக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமன்றத்துக்கு வரி கட்டுகிறவர், சொத்துள்ளவர், ஓரளவு படித்தவர்தான் ஓட்டுப் போட்டார்கள். குடந்தை ஐயா கேட்கிற தகுதி அப்போது இருந்தது, ஆண்டது மிராசுதார்கள். வயது வந்த எல்லோரும் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1952 ஜனவரித் தேர்தலில். தஞ்சை மாவட்டத்தில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் ஜெயித்தார்கள். அதே ஆண்டு ராஜாஜி அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு, பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றத் தடை. ஓட்டு வந்த வருடத்திலேயே இது நடந்தது தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன்.

ஹரியானாவில் பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு கேட்டார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அளவைக் குறைத்த பிறகும், அதிகம் வெளியே தள்ளப்பட்டவர்கள் பட்டியல் சாதிப் பெண்கள்தான். ராஜஸ்தானும் அதே மாதிரி வைத்தது, 2019இல் எடுத்துவிட்டது. பள்ளிக்கூடம் தராதது அரசின் குற்றம், அதற்குத் தண்டனை அந்தப் பெண்ணுக்கா?

குடந்தை வாசகர்:

அம்மா, உங்கள் கோபம் புரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றபோது எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. அது அவர்களைக் காப்பாற்றியதா?

கீழ்வேளூர்ப் பெண்:

காப்பாற்றவில்லை. வழக்கு நடந்தது, நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதிகளை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை ஐயா. ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசு, விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை ஆராய கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, 1971இல் நான் மேலே சொன்ன குடியிருப்புச் சட்டம் வந்தது. செத்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எத்தனை ஓட்டு என்று ஒருவரும் எண்ணிப் பார்க்காத நாட்டில் இதுகூட வந்திருக்காது.

கடைமடைக்காரன்:

அக்கா, படிப்புத் தகுதியை நானும் ஏற்கவில்லை. உத்திரமேரூரிலிருந்து எனக்கு வேண்டியது குலுக்கலும் கணக்கு விதியும் மட்டும். நிலமும் வேதமும் எனக்கு வேண்டாம். குலுக்கலில் வேலிக்கணக்கு கிடையாது, படிப்பு கிடையாது, செலவும் கிடையாது. ஓட்டில் நிற்க இன்றைக்குப் பணம் வேண்டும். உங்கள் தெருவில் இருந்து பணம் இல்லாமல் யார் நிற்க முடிகிறது?

குடந்தை ஐயாவுக்கு: தெரியாதவர் என்ன செய்வார் என்கிறீர்கள். அயர்லாந்தில் 2016இல் குலுக்கலில் எடுத்த 99 சாதாரணக் குடிமக்களும் ஒரு தலைவரும் உட்கார்ந்து, மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் அழைத்துக் கேள்வி கேட்டு, கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்தில் மாற்றச் சொன்னார்கள். கட்சிகள் முப்பது வருடத்துக்கு மேல் கைவைக்கப் பயந்த விஷயம். 2018 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பில் 66 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். நம் ஊர் வேலை அவ்வளவு கடினம்கூட இல்லை. வாய்க்கால் எத்தனை அடி வெட்டினார்கள் என்பது அதில் இறங்கி நின்றவருக்குத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதை எப்படி அளக்கிறார்கள், மூட்டைக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பது களத்தில் நெல்லோடு காத்துக் கிடப்பவருக்குத் தெரியும். எஸ்டிமேட்டைப் படித்துச் சொல்ல ஒரு ஓவர்சியர் போதும்.

வல்லம் பொறியாளர் (பொதுப்பணித்துறை, ஓய்வு):

வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். மேட்டூர் ஜூன் 12 திறப்பு என்றால், தூர்வார நமக்குக் கிடைப்பது ஏப்ரல், மே இரண்டு மாதம். அதற்குள் ஏ, பி என்று குறிக்கிற கிளை வாய்க்கால்கள் வரை முடிய வேண்டும். குலுக்கிய குழு கூடி, புரிந்துகொண்டு, ஆட்சேபம் எழுப்புவதற்குள் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். ஆகவே குழுவுக்கு வேலையைத் தடுக்கிற அதிகாரம் வேண்டாம், அளக்கிற அதிகாரம் போதும். முன்னும் பின்னும் அளவு எடுத்து, அவர்கள் கையெழுத்து இல்லாமல் பில் பாஸ் ஆகக் கூடாது.

இரண்டாவது: அதிகாரம் எழுத்தில் இல்லாத குழு வீண். பிரான்சில் 2019-20இல் 150 பேரைக் குலுக்கி எடுத்துப் பருவநிலை பற்றி யோசனை கேட்டார்கள். வடிகட்டாமல் அனுப்புவேன் என்றார் அதிபர் மக்ரோன். கடைசியில் பலவற்றை நீர்த்துப்போகச் செய்தார்கள். ஓட்டில் வந்தவரை அடுத்த முறை இறக்கலாம், குலுக்கலில் வந்தவரை என்ன செய்வீர்கள் தம்பி?

கடைமடைக்காரன்:

அடுத்த வருடம் அவர் இருக்கப்போவதே இல்லை ஐயா. கணக்குக் காட்டாமல் போனால் அவர் வீட்டார் பெயர் பிறகு ஒருபோதும் குடத்துக்குள் போகாது. அளவெடுப்பும் கையெழுத்தும் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்று, ஓட்டு ஓட்டு என்கிறோம், 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்தவரே இல்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர். குலுக்கல் குழு இருந்தால் அப்போதும் ஊர்க்காரர் கண் ஒன்று கணக்கின் மேல் இருக்கும்.

கீழ்வேளூர்ப் பெண்:

தேர்தல் நடத்தாதது ஓட்டின் குறை இல்லை தம்பி. நடத்தச் சொல்லிப் போராட வேண்டியது அது.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். ஓட்டு ரகசியம். பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே அந்த முதலாளிக்கு எதிராகக் குத்தலாம், எவருக்கும் தெரியாது. சீட்டு விழுந்தவர் பெயர் ஊருக்கே தெரியும். நிலம் வைத்திருப்பவர் எடுத்த ஒப்பந்தத்தில் குறை எழுதிவிட்டு, மறுநாள் காலையில் நடவுக்கு அவர் வயலில்தான் அந்தப் பெண் போய் நிற்க வேண்டும். இதற்கு வழி சொல்லுங்கள், அப்புறம் நான் யோசிக்கிறேன்.

கடைமடைக்காரன்:

தனியாக நிற்கவிடக் கூடாது. குடும்பு மாதிரி தெருத் தெருவாகக் குலுக்க வேண்டும், ஒவ்வொரு தெருவிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர், பாதி பெண்கள். குழு கூடும் நாளுக்கு ஒரு நாள் கூலி ஊராட்சி நிதியிலிருந்து. அறிக்கை குழுவின் பெயரில் போகும், யார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம். குலுக்கல் கிராம சபையில், எல்லோர் கண் முன்னாலும். உங்கள் பயம் முழுதாகப் போகாது, தெரியும். குறையும் என்று நம்புகிறேன்.

வல்லம் பொறியாளர்:

தெருவாரியாகக் குலுக்குவது சரி. ஆனால் தண்ணீர்க் குழுவுக்கு மட்டும் ஆயக்கட்டுப் பட்டியலிலிருந்து, அதாவது பாசன நிலம் உள்ளவர்கள் பட்டியலிலிருந்து எடுங்கள். பாசனதாரர்களுக்குத்தான் முறை வைப்பது, மதகு, எல்லாம் தெரியும். 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டமும் நிலம் வைத்துச் சாகுபடி செய்பவர்களைத்தான் சங்கத்தில் சேர்க்கிறது.

கீழ்வேளூர்ப் பெண்:

மறுபடியும் கால் வேலிக்கே வந்துவிட்டோம் ஐயா. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் நிலம் உள்ளவருக்கு இழப்பீடு, காப்பீடு என்று ஏதாவது இருக்கிறது. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்ணுக்கு அந்தப் பருவத்தின் கூலி மொத்தமும் போகிறது, அதை ஒருவரும் கணக்கில் எழுதுவதில்லை. குளம் நிரம்பாவிட்டால் மாட்டுக்குத் தண்ணீர் தேடி நடப்பதும் அவள்தான். வாக்காளர் பட்டியலில் இருந்து குலுக்குவதாக இருந்தால் அக்டோபர் 2 கிராம சபைக்குத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வாருங்கள், தெருவில் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வந்து ஆதரிக்கிறேன். ஆயக்கட்டுப் பட்டியல் என்றால் எங்கள் தெருவில் ஒரு கையெழுத்து விழாது.