மெக்கானிக்கல்: பாலிடெக்னிக் வழியா, நேரா பி.இ.யா?

தேவிபட்டினம் மாணவன்: பத்தாவது முடிச்சாச்சு. பாலிடெக்னிக்ல கைவேலை கத்துக்கிட்டு அப்புறம் பி.இ. சேரலாமா, பிளஸ் டூ படிச்சு நேரா போகலாமா? அண்ணன்மார் சொல்லுங்க.

தொண்டி டர்னர்: பாலிடெக்னிக் போங்க தம்பி. டிப்ளமோ 3 வருஷம், நேரடி இரண்டாம் ஆண்டுல சேர்ந்தா பி.இ. 3 வருஷம். பிளஸ் டூ 2, பி.இ. 4. ரெண்டும் 6தான். வீட்டுச் சூழ்நிலையால நடுவுல நின்னாலும் டிப்ளமோவை வச்சு ரயில்வே ஜே.இ. (ஜூனியர் எஞ்சினியர்) தேர்வு எழுதலாம்.

பாம்பன் வாசி: வருஷக் கணக்கு சரி, கணக்குப் பாடம் என்னாகும்? முதலாண்டு கணிதத்தைத் தாண்டிக் குதிச்சு, மூணாம் செமஸ்டர்ல ஃபூரியர் தொடர்ங்கிற உயர்கணிதம் முன்னாடி போய் நிக்கணும். லேட்டரல் பசங்களுக்கு, அதான் நேரா இரண்டாம் ஆண்டுல சேர்றவங்களுக்கு, அரியர் விழுற இடமே அதுதான்.

தொண்டி டர்னர்: ஃபூரியர் தெரிஞ்சவர்கிட்ட சூடாகுற போட் எஞ்சினைக் கொடுங்க, பார்ப்போம். கடல்தண்ணி பம்புல தண்ணியைத் தள்ளுற ரப்பர் சக்கரத்தோட (இம்பெல்லர்) இதழ் உடைஞ்சிருக்கும். புதுசு மாட்டுவாரு, திரும்பவும் சூடாகும். எத்தனை இதழ் உடைஞ்சுதுன்னு எண்ணி, அத்தனை துண்டையும் கூலர் குழாய் வாயிலிருந்து எடுக்கணும். இது எந்த செமஸ்டர்ல வருது?

பாம்பன் வாசி: அதை ஒரு வாரத்துல கத்துக்கலாம். படிப்பு இல்லாம புரியாதது இது: வெண்கல புரொப்பல்லரும் இரும்புச் சுக்கானும் மின்தொடர்புல இருக்குன்னு வைங்க. அரிக்குதேன்னு சுக்கானுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறாங்க. பெயின்ட்ல கீறல் விழுந்தா அந்த இடம் முன்னைவிட ஆழமா அரிக்கும். கீறல் சின்ன ஆனோடு (அரிபடுற பக்கம்), வெண்கலம் பெரிய கேத்தோடு (அரிபடாத பக்கம்). அரிப்பு முழுக்க அந்தப் புள்ளியில குவியுது. தான் அரிஞ்சு இரும்பைக் காப்பாத்த வச்ச ஜிங்க் கட்டி மேலேயும் சேர்த்துப் பெயின்ட் அடிக்கிறாங்களே, அந்தக் கொடுமையை எங்க சொல்ல! மூடிட்டா ஜிங்க் வேலையே செய்யாது. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாம்பன் பாலத்துல துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டது இந்த உப்புக்காத்துக்காகத்தான். அந்த முடிவு பட்டறையில எடுத்ததில்ல.

தொண்டி டர்னர்: பூச்சு அடிக்கிறது பட்டறைக்காரன்தானே? இரும்பு மேல ஒட்டின உப்பைக் கழுவாம அடிச்சா எந்த உசத்திப் பூச்சும் கொப்புளம் விடும்.

கீழக்கரை மரைன்: ரெண்டு பேரும் கரையிலயே நிக்கிறீங்க. தம்பிக்குக் கப்பல் எஞ்சினியர் ஆசை இருந்தா, பி.இ. மெக்கானிக்கல் முடிச்சவங்களுக்குப் பயிற்சி சுமார் 1 வருஷம், டிப்ளமோக்காரங்களுக்கு 2. நிறக்குருடு இருந்தா ரெண்டு வழியும் அடைப்பு. கண்ணை இப்பவே காட்டிருங்க.

தேவிபட்டினம் மாணவன்: காலேஜ் பார்க்கப் போனா என்ன கேட்கணும்ணே?

தொண்டி டர்னர்: ஒரு லேத்துக்கு (கடைசல் எந்திரத்துக்கு) எத்தனை பேர்னு கேளுங்க. லேத் அடியில இரும்புச் சீவல் கிடக்கான்னு குனிஞ்சு பாருங்க. பளபளன்னு துடைச்சு வச்சிருந்தா சந்தேகப்படணும். சீனியர் பசங்க ரெக்கார்டு நோட்டு நாலு வாங்கிப் புரட்டுங்க. எல்லாத்துலயும் ஒரே ரீடிங்னா லேப் நடக்கல.

பாம்பன் வாசி: இதுல எனக்கும் அதே கருத்துதான். கூடவே மூணாம் செமஸ்டர் கணிதத்துல லேட்டரல் பசங்க எத்தனை பேர் தேறினாங்கன்னு தனியாக் கேளுங்க. பாலிடெக்னிக்தான்னு முடிவானா, பிளஸ் டூ கணிதப் புத்தகத்தையும் வாங்கி வச்சு, டிப்ளமோ முடியிறதுக்குள்ள வகையீடு, தொகையீடு, அணிகள் மூணையும் போட்டுப் பழகிருங்க.