காளான் அறை எக்ஸாஸ்ட் ஃபேன் அதிர்வு: எப்படிக் குறைப்பது?

கேள்வி (திருநகர், மதுரை):
மாடியில 10-க்கு 10 அடி அறை, சிப்பிக் காளான், 150 பை. 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் சுவர்ல நேரா முடுக்கியிருக்கு. ராத்திரி கீழ்வீடு வரைக்கும் அதிருது. நிறுத்தினா தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகுது. என்ன செய்யலாம்?

மேலூர்:
நிறுத்தாதீங்க. ஃபேன் நின்னா காளான் விடுற கரியமில வாயு அறையிலயே தேங்கும்; அது 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காத்துல 1000 பங்கு) மேல போனா தண்டு நீளத்தான் செய்யும். கீழ்வீட்டுக்குப் போறது பெரும்பாலும் சுவர் வழியா இறங்குற அதிர்வு. நாலு போல்ட்லயும் ஃப்ரேமுக்கு முன்னும் பின்னும் 6 மி.மீ. ரப்பர் வாஷர் போடுங்க. ஃப்ரேம் துளையைக் கொஞ்சம் பெரிசாக்கி, சைக்கிள் டியூப் துண்டைச் சுருட்டிச் செருகணும். இல்லேன்னா போல்ட் ஃப்ரேமைத் தொட்டு, வாஷர் போட்டும் பிரயோசனம் இருக்காது. ரப்பர் பிதுங்குற அளவுக்கு நட்டை இறுக்கக் கூடாது.

உசிலம்பட்டி:
முதல்ல இறக்கையைப் பாருங்கண்ணே. காளான் குடையிலிருந்து உதிர்ற வித்துத்தூள் ஈரத்தோட மாவு மாதிரி அப்பியிருக்கும். ஒரு இறக்கையில கூடினா எடை கோணி ஆட்டம் கொடுக்கும். கரண்டை நிறுத்திட்டு ஈரத்துணியால துடைங்க. மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

மேலூர்:
ரெகுலேட்டர் போட்டா கெப்பாசிட்டர் வகை வாங்குங்க. டிம்மர் வகை மோட்டாரை முனக வைக்கும். வேகம் பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும், காத்தும் பாதியாகும். அதனால கூடுதல் நேரம் ஓடணும்.

கேள்வி கேட்டவர்:
நனைச்ச சாக்கு ஃபேனை ஒட்டித் தொங்குது. அதுவும் காரணமா?

உசிலம்பட்டி:
ஆமாண்ணே. ஒரு அடி தள்ளிக் கட்டுங்க. காத்து நுழையுற வழி இடுங்கினா இறக்கை இரையும்.