உறைபனி அலாரம் நாலாம் நாள் விடியற்காலையில் செத்துவிடுகிறது, ஏன்?

கேத்திப் பள்ளத்தாக்கு:

வணக்கம். கேத்தியில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் கேரட். மார்கழி, தை வந்தால் உறைபனி. இலை மேல் உப்பைத் தூவியது போல வெள்ளையாக நிற்கும், வெயில் ஏறியதும் கருகிவிடும். உறைவதற்கு முன்னால் ஸ்பிரிங்ளரைத் திறந்து, பனி கரையும் வரை ஓடவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அதற்காக அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை டார்ச்சோடு போய் இலையைத் தொட்டுப் பார்க்கிறார். வயது 62. போன வாரம் பாத்தியில் வழுக்கி விழுந்துவிட்டார். அதனால்தான் குளிர் ஏறினால் வீட்டில் அலாரம் அடிக்கும் இந்தப் பெட்டி.

உள்ளே நிரல் ஓடும் ஈஎஸ்பி32 போர்டு, 866 மெகாஹெர்ட்ஸில் எஸ்எக்ஸ்1276 லோரா (தூரத்துக்குச் சின்னச் செய்தி அனுப்பும் ரேடியோ), வெப்பநிலை பார்க்க டிஹெச்டி22 சென்சார், 2600 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) 18650 லித்தியம் செல் ஒன்று, அதை ஏற்ற டிபி4056 சார்ஜர். மேலே 6 வோல்ட், 1 வாட் சோலார் பேனல். தோட்டத்தில் போன் சிக்னல் கிடையாது, அதனால் லோரா. 600 மீட்டர் தள்ளி வீட்டில் இன்னொரு போர்டும் பஸ்ஸரும். நிரல் ஏஐ எழுதிக் கொடுத்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலை வர வேண்டும் என்றேன், வருகிறது.

பிரச்சினை இரண்டு. மூன்று இரவு ஒழுங்காக ஓடி, நாலாம் இரவு விடியும் நேரத்தில் நின்றுவிடுகிறது. இது இரண்டாவது தடவை. அப்புறம், போன வியாழன் பெட்டி 3.4 டிகிரி என்று சொன்னபோது பக்கத்துப் பாத்தியில் பனி உறைந்திருந்தது. சென்சார் கெட்டுப்போனதா?

மன்னவனூர் பூண்டு:

தம்பி, இதே கூத்தை இங்கே பூண்டுக் காட்டில் இரண்டு வருடம் அடித்தவன் நான். சென்சார் கெடவில்லை, இருக்கிற இடம்தான் தப்பு. மேகமில்லாத ராத்திரியில் இலை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். இடுப்பு உயரத்தில் காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே இலை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அதோடு நீங்கள் சென்சாரைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறீர்கள், பக்கத்திலேயே ஈஎஸ்பி32 சூடாக உட்கார்ந்திருக்கிறது. அது சொல்வது பெட்டியின் சூடு. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஒயர் வைத்த வாட்டர்புரூஃப் வகை வாங்கி இலை மட்டத்தில் தொங்கவிடுங்கள், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை மறக்க வேண்டாம். குளிர்காற்று தண்ணீர் மாதிரி இறங்கி ஓடும், அதனால் தோட்டத்தின் கடைசிப் பள்ளத்தில் வையுங்கள். மேட்டில் வைத்தால் பொய் சொல்லும்.

இனி பேட்டரி. நிரலில் பத்து நிமிடக் காத்திருப்புக்கு ‘டிலே’ என்று போட்டிருக்கும், பாருங்கள். டிலே போட்டால் சில்லு தூங்காது, கண்ணைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும். அப்படி நிற்கவே சுமார் 60 மில்லி ஆம்பியர், ஒரு நாளைக்கு 1440 எம்ஏஹெச். உங்கள் பேனல் நல்ல வெயிலில் 160 மில்லி ஆம்பியர் கொடுக்கும், ஐந்து மணி நேரத்துக்கு 800 எம்ஏஹெச். தினமும் 640 கடன். 2600-ஐ வகுத்துப் பாருங்கள், நாலாம் நாள் வந்துவிடும். ஏஐ மேல் கோபம் வேண்டாம். பேட்டரியில் ஓடப்போகிறது என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், நானும் முதலில் சொல்லவில்லை.

டிலேக்குப் பதில் சில்லைத் தூங்கவைக்கும் ‘டீப் ஸ்லீப்’ போடுங்கள். போட்டாலும், வோல்டேஜை 3.3-க்குக் குறைத்துக் கொடுக்க போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் ஒன்றே 5 மில்லி ஆம்பியர் தின்னும். போதாக்குறைக்கு அதற்கு உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும். 3.7 வோல்ட் செல்லில் 3.3 எங்கிருந்து வரும்? குளிரில் செல் தளர்ந்திருக்கும்போது லோரா அனுப்பத் தொடங்கினால் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டு ஹெச்டி7333 என்ற சிக்கனமான ரெகுலேட்டர் ஒன்றை வெளியே வைத்து, 3.3 வோல்ட்டை நேராக 3வி3 காலில் கொடுங்கள். பக்கத்தில் 470 மைக்ரோ ஃபேரட் கபாசிட்டர். வைஃபை வேண்டாம். சிவப்பு எல்இடியையும் சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள், இருட்டில் யாருக்கு விளக்கு?

குன்னூர் ரயிலடி:

18650-ஐயே தூக்கிப் போட்டுவிட்டு சோடியம் அயனி செல் வாங்கலாமே? சீன பேட்டரி கம்பெனி சிஏடிஎல் 2021-லேயே அறிவித்தது, இப்போது 18650 அளவில் சில்லறையாகவே கிடைக்கிறது. குளிருக்கு ராஜா.

மன்னவனூர் பூண்டு:

குளிருக்கு ராஜாதான். ஆனால் அது முழுக்க வடியும்போது 1.5 வோல்ட் வரை இறங்கும், நம் போர்டுக்கு 3.3 வேண்டும். வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டர் இல்லாமல் பாதிச் சாறு உள்ளேயே தங்கிவிடும். டிபி4056 சார்ஜர் 4.2 வோல்ட் வரை ஏற்றும், சோடியம் செல்லுக்கு அது அதிகம். சார்ஜரையும் மாற்ற வேண்டும். ஆசைக்கு வாங்கிப் பாருங்கள், கேரட்டைக் காப்பாற்ற இப்போது வேண்டாம்.

ஆனால் நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். உறைபனி நாளில் காலை ஏழு மணிக்குப் பேனலில் வெயில் விழுந்துவிடும், பெட்டிக்குள் செல் இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். அந்த நேரத்தில் சார்ஜ் ஏறினால் லித்தியம் செல்லுக்குள் இருக்கும் கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். செல் வேகமாகக் கிழடாகும். டிபி4056 சில்லில் வெப்பநிலை பார்க்க ஒரு கால் உண்டு, ஆனால் நாம் வாங்கும் சின்ன நீலப் பலகையில் அதை கிரவுண்டோடு சேர்த்தே விற்கிறார்கள், அதனால் குளிர் தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும்.

கேத்திப் பள்ளத்தாக்கு:

நிரலைத் திறந்து பார்த்தேன் அண்ணா. டிலேதான். தலையில் அடித்துக்கொண்டேன். செல்லுக்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) போட்டால் சரியாகுமா?

மன்னவனூர் பூண்டு:

எல்எஃப்பிக்கும் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஆகாது. நான் செய்தது இதுதான்: ஒன்றரை அடிப் பிவிசி குழாய், இரண்டு பக்கமும் மூடி, உள்ளே செல், மேல் மூடி வழியாக ஒயர். மண்ணுக்குள் செங்குத்தாகப் புதைத்துவிட்டேன். எங்கள் மண் அந்த ஆழத்தில் உறைந்ததே இல்லை. இரண்டாவது பனிக்காலம் போகிறது, அதே செல். மேலே இருக்கும் பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை போடுங்கள், உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடியட்டும். முழுக்க அடைத்த பெட்டிதான் இங்கே முதலில் துருப்பிடிக்கும்.

கேத்திப் பள்ளத்தாக்கு:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டி நிற்கவில்லை. செல் காலையில் 3.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பஸ்ஸரை 2 டிகிரிக்கு வைத்தேன், ஞாயிறு ராத்திரி 3.10-க்கு அடித்தது, ஸ்பிரிங்ளரைத் திறந்தேன். ஆறு மணிக்கு இலை மட்டத்தில் மைனஸ் 0.8 காட்டியது. எங்கள் பாத்தி பச்சையாகவே இருந்தது. அப்பா இப்போதும் இரண்டு மணிக்கு எழுந்துவிடுகிறார், ஆனால் அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நம்பரைப் பார்க்கிறார்.

புதிதாக ஒன்று. நேற்று ராத்திரி காட்டெருமை வந்து பேனல் கம்பத்தில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போயிருக்கிறது. கம்பம் சாய்ந்து பேனல் வடக்கே பார்க்கிறது. இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் நட்டால் நிற்குமா, இல்லை பேனலைத் தரையோடு தாழ்வாக வைத்துவிடலாமா? தாழ்வாக வைத்தால் காலையில் பேனல் மேல் பனி உறையுமே.