பிளாக் ஆல்பம் மெட்டாலிகாவின் சறுக்கலா? வரிசையாகக் கேட்டுவிட்டு ஒரு வாதம்

வரிசைக்காரன்:
அமெரிக்க ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகாவின் முதல் ஐந்து ஆல்பங்களை வெளிவந்த வரிசையிலேயே, ஒரு பாட்டையும் தாண்டாமல் கேட்டு முடித்தேன். 1983-இல் கில் 'எம் ஆல், 1984-இல் ரைட் த லைட்னிங், 1986-இல் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ், 1988-இல் அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல், கடைசியாக 1991-இல் எல்லாரும் பிளாக் ஆல்பம் என்று சொல்கிற அந்தக் கறுப்பு அட்டை. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹிட் பாட்டுகள் மட்டும்தான்.

"பிளாக் ஆல்பத்தோடு மெட்டாலிகா விலைபோய்விட்டது" என்று நம் ஆட்கள் வருஷக்கணக்காகச் சொல்வதை இனி என்னால் ஏற்க முடியாது. ஜஸ்டிஸ் முடிகிற இடத்திலிருந்து அதே திசையில் இன்னும் ஓரடி வைக்க இடமே இல்லை. ஒன்பது பாட்டு, 65 நிமிஷம். தலைப்புப் பாட்டு மட்டுமே பத்து நிமிஷத்தைத் தொடுகிறது. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு) மேல் ரிஃப், அதற்குள் தாளம் உடைகிறது, மறுபடி புது ரிஃப். இதையும் நீட்டியிருந்தால் கணக்குப் பரீட்சை எழுதுவது போல ஆகியிருக்கும்.

பிளாக் ஆல்பத்தின் முதல் பாட்டு என்டர் சேண்ட்மேனைப் பாருங்கள். கிடார்காரர் கிர்க் ஹேமட் ஒரு ரிஃப் கொண்டுவருகிறார். அதன் முதல் துண்டை மட்டும் மூன்று தடவை திருப்பி வாசிக்கச் சொல்கிறார் டிரம்மர் லார்ஸ் உல்ரிக். கிட்டத்தட்ட பாட்டு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. எதை விடுவது என்று தெரிவதும் வித்தைதான். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

திருச்சி த்ராஷ்:
வந்துவிட்டேன் தம்பி.

"இடமே இல்லை" என்பதைத்தான் முதலில் உடைக்க வேண்டும். மெட்டாலிகா 1983-இல் விரட்டிவிட்ட கிடார்காரர் டேவ் மஸ்டெய்ன் 1990-இல் என்ன செய்தார்? தன் மெகாடெத் குழுவோடு ரஸ்ட் இன் பீஸ் ஆல்பம். அதே தாள உடைப்பு, அதே ரிஃப் குவியல், சொல்லப்போனால் வாசிப்பு இன்னும் கடினம். ஆனால் மொத்தமே சுமார் 40 நிமிஷம். பிளாக் ஆல்பம் வந்த அதே 1991-இல் ஃப்ளோரிடாவிலிருந்து டெத் குழுவின் ஹ்யூமன் வந்தது. பாதை இருந்தது, அதில் ஆட்களும் நடந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் போகவில்லை? யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார். ரேடியோவில் ஹிட்டடித்த மாட்லி க்ரூ குழுவுக்கு டாக்டர் ஃபீல்குட் ஆல்பத்தைச் செய்துகொடுத்த தயாரிப்பாளர் பாப் ராக். மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் வீடியோவும் இல்லாமல் ரேடியோ தயவும் இல்லாமல் அமெரிக்காவில் தங்கத் தட்டு (விற்பனைக்கான கௌரவம்) வாங்கிய ஆல்பம். 'ஒன்' பாட்டுக்கு 1989-இல் முதல் வீடியோ எடுக்கும்வரை அந்தப் பக்கமே போகாத குழு. பிளாக் ஆல்பத்தில் ஐந்து பாட்டுக்கு வீடியோ! இதற்குப் பெயர் என்ன என்று நீயே சொல்.

நாலுதந்தி:
நான் பேஸ் (அடிச்சுரம் வாசிக்கும் நாலுதந்திக் கிடார்) வாசிப்பவன். நீங்கள் இரண்டு பேரும் நடுவில் கிடக்கிற பெரிய ஓட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்.

வரிசையாகக் கேட்டேன் என்கிறீர்களே, முதல் ஆல்பத்தில் பேஸுக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. மெட்டாலிகாவின் அப்போதைய பேஸ்காரர் க்ளிஃப் பர்ட்டன், சத்தத்தை வளைக்கும் 'வா' பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தது. ரெண்டாவதில் ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ் பாட்டின் தொடக்கத்தைக் கிடார் என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு, அதுவும் பர்ட்டனின் பேஸ்தான். மூன்றாவதில் ஓரையன். 1986 செப்டம்பர் 27 அதிகாலை ஸ்வீடனில் அவர்கள் பஸ் கவிழ்கிறது. பர்ட்டனுக்கு வயது 24.

அடுத்த ஆல்பம் ஜஸ்டிஸ். நல்ல ஹெட்போனில் போட்டு பேஸைத் தேடிப் பாருங்கள். புதிதாக வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்திருக்கிறார், ஆனால் காதுக்கு வராது. காரணம் ஒன்றல்ல. நியூஸ்டெட் பெரும்பாலும் பாடகரும் கிடார்காரருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிஃபை அப்படியே ஒட்டி வாசித்தார். ஹெட்ஃபீல்டின் கிடார் சத்தம் நடு அதிர்வெண்களை வெட்டி அடி அதிர்வெண்களை ஏற்றியது, பேஸ் உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே அது உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல், பேஸைக் குறைக்கச் சொன்னது உல்ரிக் என்று ஆல்பத்தை மிக்ஸ் செய்த (எல்லா ஒலியையும் அளவு பார்த்துச் சேர்த்த) ஸ்டீவ் தாம்ப்ஸனே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செத்துப்போனவரின் இடத்தில் வந்தவரை ஆல்பத்திலேயே இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

பாப் ராக் வந்து என்ன செய்தார்? நாலு பேரையும் ஒரே அறையில் நிறுத்தி ஒன்றாக வாசிக்கவைத்தார். அதுவரை டிரம்ஸும் கிடாரும் தனித்தனியாகப் பதிவதுதான் இவர்கள் வழக்கம். சேட் பட் ட்ரூ பாட்டைக் கிடாரையும் பேஸையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கி வாசித்தார்கள். அந்தக் கனம் எனக்கு ஜஸ்டிஸின் எந்தப் பாட்டிலும் கிடைக்கவில்லை. குழு திரும்பவும் குழுவான ஆல்பத்தைப் போய் சறுக்கல் என்கிறீர்கள்.

திருச்சி த்ராஷ்:
நியூஸ்டெட்டுக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வறண்ட சத்தம்தானே ஜஸ்டிஸ்? நீதிமன்றத்தை, போரை, கை கால் முகம் எல்லாம் இழந்து படுத்துக் கிடக்கிற சிப்பாயைப் பாடுகிற ஆல்பம். 'ஒன்' பாட்டில் அந்த டபுள் பேஸ் டிரம் (இரண்டு காலாலும் அடிப்பது) கிடாரோடு சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஈரமே இல்லை, இருக்கவும் கூடாது. 2018-இல் மறுவெளியீடு செய்தபோதும் மிக்ஸை அவர்கள் தொடவில்லை.

பேஸ் திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பேஸை ஏற்ற பாட்டைக் குறைக்க வேண்டுமா? அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

தாமதமா வந்தவள்:
நான் 2022-இல் மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் பாட்டு வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரைப் பார்த்துவிட்டு வந்தவள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு இந்த வரிசை பக்தியே புரியவில்லை. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் கேட்டேன், நேரே பிளாக் ஆல்பத்துக்குத் தாவினேன், அப்புறம் பின்னோக்கிப் போனேன். வரிசை ப்ரோ, ஒவ்வொரு ஆல்பமும் முந்தையதற்குப் பதில் என்று உங்களுக்குத் தோன்றுவது நீங்கள் அப்படிக் கேட்டதால்தான். கதையை வரிசையே கட்டிக் கொடுத்துவிடுகிறது.

பிளாக் ஆல்பத்தின் மெதுவான பாட்டு நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ் கேட்டுப் பழகியபின் 1984-இன் ஃபேட் டு பிளாக் கேட்டேன். மெதுவான பாட்டு 1991-இல் திடீரென்று முளைத்ததில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. ஃபேட் டு பிளாக் வந்தபோதே "விலைபோய்விட்டார்கள்" என்று கத்திய ரசிகர்கள் இருந்திருக்கிறார்கள். அதாவது இந்தக் குற்றச்சாட்டு பிளாக் ஆல்பத்தைவிட ஏழு வருஷம் மூத்தது. த்ராஷ் அண்ணா, நீங்கள் 1984-இல் விசிறியாக இருந்திருந்தால் அன்றைக்கே கிளம்பிப் போயிருப்பீர்கள் போல.

வரிசைக்காரன்:
தோழி, ஃபேட் டு பிளாக் பற்றிச் சொன்னது அருமை. ஆனால் அதை வைத்தே வரிசைக்காக வாதாடுவேன்.

ரைட் த லைட்னிங்கில் நாலாவது பாட்டு ஃபேட் டு பிளாக். மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸில் நாலாவது சானிடேரியம். ஜஸ்டிஸில் நாலாவது ஒன். மூன்றுமே மெதுவாகத் தொடங்கி, கனத்து, கடைசியில் ஓட்டமெடுக்கும். மூன்று ஆல்பமாக நாலாவது இடம் அந்த வகைப் பாட்டுக்கு. 1991-இல் நாலாவது பாட்டு எது? தி அன்ஃபர்கிவன். இங்கே தலைகீழ்: சரணம் கனமாக இருக்கிறது, பல்லவிக்கு வரும்போது எல்லாம் அடங்குகிறது. கடைசியில் ஓட்டமும் இல்லை. ஏழு வருஷமாகக் கைவந்த அச்சை வேண்டுமென்றே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ரேடியோவுக்கு எழுதுகிறவன் பல்லவியை உரக்கத்தானே வைப்பான்? ஷஃபிளில் கேட்டால் இது சிக்காது.

பர்மிங்காம் பேரன்:
வரிசை, வரிசை என்கிறீர்கள், தொடங்குவதோ 1983-இல். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, பிரிட்டிஷ் மெட்டல் முன்னோடிக் குழு பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம். அங்கிருந்து வாருங்கள், இந்தச் சண்டையே இருக்காது.

அவர்கள் கிடார்காரர் டோனி அயோமிக்குப் பதினேழு வயதில் பர்மிங்காம் தகரப் பட்டறையில் வலது கையின் இரண்டு விரல் நுனி போனது. இடது கைப் பழக்கக்காரர், தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் உறை செய்துகொண்டார், மெல்லிய தந்தி போட்டார். 1971-இன் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் கிடாரையே ஒன்றரை ஸ்வரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, சத்தம் கனத்தது. சேட் பட் ட்ரூ நேராக அந்த வம்சம். த்ராஷ் நண்பருக்கு மெட்டல் என்றாலே வேகம். எங்கள் பக்கம் மெட்டல் மெதுவாகத்தான் பிறந்தது.

திருச்சி த்ராஷ்:
பேரனுக்கு ஒரு வார்த்தை. சப்பாத் அந்த முதல் ஆல்பத்தைப் பதிந்தது கிட்டத்தட்ட ஒரே நாளில். பிளாக் ஆல்பம் 1990 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஜூன் வரை இழுத்தது, செலவு பத்து லட்சம் டாலர், மிக்ஸை மூன்று தடவை மாற்றினார்கள். ரெண்டையும் ஒரே வம்சம் என்றால் அயோமியே ஒப்புக்கொள்வாரா தெரியாது.

வரிசைக்காரன், அன்ஃபர்கிவன் பாயிண்ட் நன்றாக இருக்கிறது. அந்தப் பாட்டை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை. குறை மீதி ஆல்பத்தில். டோன்ட் ட்ரெட் ஆன் மீ, த காட் தட் ஃபெயில்ட்... இதையெல்லாம் யாராவது தேடிக் கேட்கிறார்களா? இதே ஆட்கள்தான் ஜஸ்டிஸில் அதிவேக டையர்ஸ் ஈவ் வாசித்தவர்கள்!

இன்னொரு சேதாரமும் உண்டு. மஸ்டெய்னே 1992-இல் கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷனில் பாட்டுகளைச் சுருக்கி எளிமையாக்கினார். ரஸ்ட் இன் பீஸ் முடிந்து இரண்டே வருஷம். இவர்கள் விற்ற விற்பனையைப் பார்த்து மொத்தத் தெருவும் கடையை மாற்றியது.

நாலுதந்தி:
அதே 1992-இல்தான் பாண்டேரா குழுவின் வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர் வந்தது. அதிலும் பாதிக்கு மேல் நடுவேகம்தான். வேகம் குறைந்தால் கனம் போய்விடும் என்று அதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா கச்சேரியில் நானும் நின்றேன். என்டர் சேண்ட்மேன் முதல் நாலு நோட்டுக்கே தரை அதிர்ந்தது.

திருச்சி த்ராஷ்:
நானும் அங்கேதான் இருந்தேன். மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸுக்கும் அதே தரை அதிர்ந்தது, உங்கள் பக்கம் கேட்கவில்லையோ என்னவோ. கூட்டத்தின் சத்தம்தான் அளவுகோல் என்றால் பில்போர்ட் விற்பனைப் பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம், விவாதம் எதற்கு?

தாமதமா வந்தவள்:
ஒரு நடைமுறைக் கேள்வி. ஜஸ்டிஸில் ரசிகர்களே பேஸை ஏற்றிச் செய்த வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றனவே, புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

நாலுதந்தி:
முதலில் அசல். வெறுப்பேறட்டும். அப்புறம் ரசிகர் வடிவத்தில் பிளாக்கண்ட் கேளுங்கள். அந்த ஆல்பத்தில் எழுதியவர் பட்டியலில் நியூஸ்டெட் பெயர் இருக்கிற ஒரே பாட்டு அதுதான்.

திருச்சி த்ராஷ்:
அசல் போதும் தங்கச்சி. அவன் பேச்சைக் கேட்காதே.

வரிசைக்காரன்:
சரி, எனக்கு அடுத்து 1996-இன் லோட். கேட்டுவிட்டு இங்கேயே எழுதட்டுமா?

திருச்சி த்ராஷ்:
தனி இழை திற. அந்த ஆல்பத்தின்போது அவர்கள் நீள முடியை வெட்டிக்கொண்டதைப் பற்றி முதல் பத்துப் பதிவுக்குள் ஒருத்தரும் பேசக் கூடாது என்று மேலே எழுதி வை. இல்லையென்றால் பாட்டைப் பற்றிப் பேச நேரமே இருக்காது.