கிராமத்துக்குப் பஸ் விட்டது யார்: முதலாளியா, அரசாங்கமா?

ஒடுகத்தூரான்:
2025 ஜூனில் புது மினி பஸ் திட்டம் வந்ததில் இருந்து எங்கள் டீக்கடையில் ஒரே புலம்பல், ரூட்டையெல்லாம் தனியாருக்குத் தாரை வார்க்கிறார்களாம். வட ஆற்காட்டுக் கிராமங்களுக்குப் பஸ்ஸைக் காட்டியதே தனியார்தானே! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத, கரி கனன்று கேஸ் பிடிக்க அரை மணி நேரமாவது ஆகுமாம். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும், அன்றைக்குக் கட்டின வேட்டி கறுப்பு என்பார் என் தாத்தா. அப்போது எந்த அரசுப் போக்குவரத்துக் கழகம் இருந்தது? எங்கள் காலத்திலும் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் இன்னும் வரவில்லை என்றால், தனியார் கண்டக்டர் ஹார்ன் அடிக்கச் சொல்லிக் காத்திருப்பார்.

டெப்போ வீட்டுப் பிள்ளை:
ஐயா, அந்த ஹார்ன் பாசத்தில் அடித்ததில்லை, கலெக்‌ஷன் பேட்டாவுக்கு, அதாவது வசூலுக்கு ஏற்ப வரும் படிக்கு, அடித்தது. சந்தை நாளில் காத்திருக்கிற அதே வண்டி, ஐப்பசி மழையில் ஆளில்லை என்றால் டிரிப்பை வெட்டிவிடும்.

என் அப்பா பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். (1997ல் தலைவர்கள் பெயர்களை எல்லாக் கழகங்களில் இருந்தும் எடுத்துவிட்டார்கள். அப்பாவுக்கு இன்றைக்கும் அது 'அழகிரி'தான்.) வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நைட் ஹால்ட் டூட்டி பார்ப்பார். ஒன்பதரைக்குப் போய்ச் சேரும். டிக்கெட் கட்டும் சில்லறையும் இருக்கிற தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, கடைசி சீட்டில் படுப்பார். விடிகாலை ஐந்து மணிக்கு ஏழு பால் கேன், நான்கு மூட்டை முள்ளுக் கத்திரிக்காய், ஒரு பிரசவ கேஸ் என்று கிளம்பும். இதற்காக ஒரு வண்டியையும் இரண்டு ஆளையும் எந்த முதலாளி ராத்திரியெல்லாம் படுக்க வைப்பார்?

ஒடுகத்தூரான்:
வைத்தார்கள் தம்பி. எங்கள் திண்ணையில் தனியார் டிரைவர் படுத்திருக்கிறார். சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

பாலாறு2:
எதற்கு இந்தப் பேச்சு? 1972ல் எல்லாப் பஸ்ஸையும் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. தனியார் கதை அன்றோடு முடிந்தது.

டெப்போ வீட்டுப் பிள்ளை:
முடியவில்லையே. 1971ல் வந்த கையகப்படுத்தல் சட்டம் 50 பர்மிட்டும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்களைத்தான் தொட்டது. மதுரை டி.வி.எஸ்., பொள்ளாச்சி ஏ.பி.டி., கும்பகோணம் ராமன் அண்டு ராமன் மாதிரிப் பெரிய கைகள். பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் அப்படி வந்தவை. பத்துப் பர்மிட், ஐந்து பர்மிட் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஓட்டினார்கள். அதனால்தான் நம்ம பக்கம் இன்றைக்கும் அரசும் தனியாரும் ஒரே ரூட்டில் முந்திக்கொண்டு பறக்கிறார்கள்.

குளச்சல்காரி:
நான் கடற்கரையில் பிறந்து குடியாத்தத்துக்கு வாக்கப்பட்டவள். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே ஸ்டாண்டில் 'ஏறு, ஏறு' என்று தனியார் ஆட்கள் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டதைப் பார்த்து மிரண்டுபோனேன். எங்கள் குமரி மாவட்டத்தில் மினி பஸ் வரும்வரை தனியார் பஸ்ஸைப் பார்ப்பதே அபூர்வம். காரணம் பழசு: 1938லேயே திருவிதாங்கூர் ராஜா, லண்டனில் இருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்து, அரசாங்கமே பஸ் ஓட்ட ஏற்பாடு செய்தார். 1956ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. முதலாளி இல்லாமலும் கடலோரக் கிராமத்துக்குப் பஸ் வந்ததற்கு நாங்கள் சாட்சி.

அதற்காக அரசு பஸ் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய ஒரு அம்மாவை, நாற்றம் என்று அரசு பஸ்ஸில் இருந்தே இறக்கிவிட்டார்கள். வீடியோ பரவி, மூன்று பேரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஒடுகத்தூரான்:
அப்படிச் சொல்லுங்கம்மா! மீன் கூடையானால் என்ன, பூக்கூடையானால் என்ன, தனியாரில் லக்கேஜ் காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

குளச்சல்காரி:
காசு கொடுத்தால், ஐயா. 2021 மேயில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு எங்கள் தெருவில் பாருங்கள். தனியார் வந்து நிற்கும், கண்டக்டர் தொண்டை வற்றக் கத்துவார், நாங்கள் பதினைந்து பேர் அசையாமல் பின்னால் வருகிற அரசு பஸ்ஸைப் பார்த்து நிற்போம். ஒரு மணி நேரம் ஆனாலும்.

பாலாறு2:
நீங்கள் எல்லோரும் ரோடு இருக்கிற ஊருக்குச் சண்டை போடுகிறீர்கள். அதே அணைக்கட்டில் மலைமேல் இருக்கிற அத்திமரத்துக்கொல்லையில் 2023 மேயில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் இறக்கிவிட, உடலைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அங்கே முதலாளியும் வரவில்லை, கழகமும் வரவில்லை.

ஒடுகத்தூரான்:
இதற்குப் பதில் என்னிடம் இல்லை. சரி தம்பி, உங்கள் அப்பாவின் நைட் ஹால்ட் எப்போது நின்றது? எங்கள் தனியார் நின்ற வருஷம் ஞாபகம் வரவில்லை.

டெப்போ வீட்டுப் பிள்ளை:
இப்போதுதான் கேட்டேன். வருஷம் அவருக்கும் தெரியவில்லை. பால் வண்டி ஊருக்கே வர ஆரம்பித்ததும் ஏழு கேன் மூன்றானது, அப்புறம் ஒன்று. கடைசி நாள் அந்த ஒரு கேன்காரர் டி.வி.எஸ். எக்ஸெல்லில் முன்னாலேயே போய்விட்டாராம். இவர் ஐந்து மணிக்கு விசில் ஊதிவிட்டுக் காலி வண்டியில் வந்திருக்கிறார்.