ஆங்கிலக் கேள்விகளின் தொனி: பயிற்சி வசனங்கள் தேவை

வெள்ளவத்தையில் பெரியவர்களுக்கான ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு வசனங்கள் சேர்க்கிறோம். ஆசிரியர்களே, உதவுங்கள்.

தமிழில் 'வாறீங்களா' என்பதன் 'ஆ'வே கேள்வியைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் தொனிக்கும் அதில் பங்குண்டு. 'வெயார் இஸ் மாலா?' பொதுவாக இறங்கும். 'டீ ஓர் கோஃபி?' டீயில் ஏறிக் கோஃபியில் இறங்கும். இரண்டிலும் ஏற்றினால் 'ஏதாவது குடிக்கிறீங்களா' என்றாகிவிடும்.

சிக்கல் வால் கேள்வியில்தான் (வசன முடிவில் ஒட்டும் சிறு கேள்வி, 'tag question'). 'யூ ஆர் ஃப்ரொம் ஜஃப்னா, ஆர்ன்ட் யூ?' இறங்கினால் தெரிந்ததை உறுதிப்படுத்துகிறோம், ஏறினால் உண்மையாகவே கேட்கிறோம். சொல்லிக் காட்டினால் விளங்குகிறது, கதைக்கும்போது மறைகிறது.

அதனால் பிராட் (Praat) என்ற ஒலி ஆய்வு மென்பொருளில், குரல் ஏறி இறங்குவதை வரையும் சுருதிக் கோட்டைக் காட்டுகிறோம் (சுருதி எல்லை ஆண் குரலுக்கு 75–300, பெண் குரலுக்கு 100–500 ஹேர்ட்ஸ்). காலி வீதி இரைச்சல் புகுந்தால் கோடு குழம்பும், யன்னலைச் சாத்தியே பதிய வேண்டும். ஃப், ட், ஸ் போன்ற, குரல்நாண் அதிராத ஒலிகளிலும் கோடு அறுகிறது. 'இஸன்ட்', 'ஆர்ன்ட்' இரண்டிலும் 'ட்' உண்டு. 'யூ ஆர் நெவர் எலோன், ஆர் யூ?' அறாமல் ஓடுகிறது, 'நொட்'டுக்குப் பதில் 'நெவர்' வருவதால் வாலிலும் 'ட்' இல்லை.

இதுபோல் கோடு அறாத வால் கேள்வி வசனங்கள் பத்தாவது வேண்டும். ஒவ்வொன்றையும் ஏற்றியும் இறக்கியும் பதிந்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.