ஜான் மார்ஷல் சட்டம் படித்தது சில வாரங்கள்தானா?

பாகூர் மாணவி:
வணக்கம். புதுச்சேரியில் மூன்றாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். பாகூரிலிருந்து காலாப்பட்டு போய்வர பஸ் மாறணும். அந்த நேரத்தில்தான் அரசியலமைப்பு நோட்ஸ் புரட்டுவேன். 1803-ல் வந்த ‘மார்பரி எதிர் மேடிசன்’ வழக்கில், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய ஒரு சட்டப்பிரிவே செல்லாது என்று தீர்ப்பு எழுதிய அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், கல்லூரியில் மூன்று மாதம்கூடச் சட்டம் படிக்கவில்லையாம். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தாராம். உண்மையா? ஒரு தீர்ப்பை முழுதாகப் படித்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் எங்கேதான் கற்றுக்கொண்டார்?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
உண்மைதான்மா. 1780-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்பவரிடம் சில வாரம் பாடம் கேட்டார், அவ்வளவுதான். அந்த நோட்டில் சட்டக் குறிப்புகளுக்கு நடுவே, பின்னாளில் தான் கட்டிக்கொண்ட பாலியின் பேரைக் கிறுக்கி வைத்திருக்கிறார்.

ஆனால் படிப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1755-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர், 15 பிள்ளைகளில் மூத்தவர். இங்கிலாந்துச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் நூல் அமெரிக்காவில் அச்சானபோது முன்பதிவு செய்து வாங்கியவர்களில் அவர் அப்பாவும் ஒருவர். பையன் அதை வீட்டிலேயே படித்தான்.

அப்புறம் இங்கிலாந்துக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போர். அவர் சட்டம் கற்றது வேலி ஃபோர்ஜ் முகாமில்தான் என்று நான் நினைக்கிறேன். 1777 டிசம்பரில் வாஷிங்டனின் படை அங்கே பனியில் தங்கியது. காலுக்குச் செருப்பில்லை, போர்த்தக் கம்பளியில்லை. அந்த ஆறு மாதத்தில் 2000 பேர் வரை செத்தார்கள், பெரும்பாலும் நோயில். எதிரியின் குண்டு காரணமில்லை. வரி போட காங்கிரஸுக்கு அதிகாரம் கிடையாது. மாநிலங்கள் கொடுத்தால்தான் சோறு. மார்ஷலுக்கு அப்போது 22 வயது. லெப்டினன்ட் பதவியோடு துணை ராணுவச் சட்ட அலுவலர் வேலையும் பார்த்தார். பசித்த வீரர்களின் சண்டை சச்சரவெல்லாம் அவரிடம்தான் வரும். அமெரிக்காவை என் நாடாகவும் காங்கிரஸை என் அரசாகவும் நினைக்கும் பழக்கம் பட்டாளத்தில்தான் உறுதிப்பட்டது என்று வயதான பிறகு எழுதினார்.

இதை விட்டுவிட்டு அவர் தீர்ப்புகளைப் படித்தால் பாதிதான் புரியும். 1788-ல் ரிச்மண்ட் மாநாட்டில் புதிய அரசியலமைப்பை ஆதரித்துப் பேசியபோதே, வரம்பு மீறிய சட்டத்தை நீதிபதிகள் செல்லாது என்று அறிவிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். மார்பரி வழக்குக்கு 15 வருஷம் முன்பு!

அந்த வழக்கை நான் மறக்கவே முடியாது. 90-களில் விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா என்னிடம் வந்தார். வேலைக்குத் தேர்வாகி, உத்தரவும் தயாராகி, பச்சை மையில் கையெழுத்து, கோபுர முத்திரை எல்லாம் ஆகிவிட்டது. ஆனால் தாள் ஒரு அலுவலக மேசை அறையிலேயே கிடந்தது. எட்டு மாதம் அலையவிட்டார்கள். ராத்திரி பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் மேண்டமஸ் (அதிகாரி தன் கடமையைச் செய்யவேண்டும் என்ற நீதிமன்ற ஆணை) கேட்டு ரிட் போட்டோம். பஸ்ஸில் உட்கார்ந்து மார்பரியைத்தான் திரும்பப் படித்தேன். மார்பரிக்கும் இதேதான்: சிறிய நீதிபதிப் பதவிக்கான அவர் உத்தரவில் அதிபர் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தாகிவிட்டது, கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து வந்த ஜெபர்சன் கொடுக்காதே என்றார். இதில் ஒன்றைக் கவனி: அந்த உத்தரவுகளை அனுப்பியிருக்க வேண்டிய வெளியுறவுச் செயலாளரே மார்ஷல்தான்! இன்றைக்கு என்றால் அந்த வழக்கை அவர் கேட்கவே கூடாது.

மார்பரிக்கு உரிமை உண்டு, பரிகாரமும் உண்டு, ஆனால் இப்படிப்பட்ட வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வரவிடும் 1789 நீதித்துறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண், ஆகவே செல்லாது என்றார். நம் அரசியலமைப்பில், அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்று 13(2)-ஆம் பிரிவு எழுத்திலேயே சொல்லிவிடுகிறது. அவர்களுடையதில் அப்படி வெளிப்படையாக ஒரு வரி கிடையாது.

திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார்:
வக்கீல் சார் சொன்ன போர் நம்ம ஊருக்கும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1778-ல் அமெரிக்காவோடு சேர்ந்ததால் இங்கிலீஷ்காரர்கள் அதே வருஷம் புதுச்சேரியைப் பிடித்தார்கள். மார்ஷலுக்கும் பாலிக்கும் 1783 ஜனவரி 3-ல் கல்யாணம். அதே ஜனவரி 20-ல் பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானத்துக்குக் கையெழுத்திட்டன. சேதி கப்பலில் வருவதற்குள், ஜூன் 13-ல் கடலூரைச் சுற்றி ரத்தம் ஓடியது. 20-ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரெனும் இங்கிலீஷ் தளபதி ஹியூஸும் மோதினார்கள். மாதக் கடைசியில்தான் சேதி வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஐந்து மாதத்தை நினைத்துக்கொள்வேன். செத்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்!

நெல்லிக்குப்பம் வாசகர்:
எல்லாம் சரி. அவர் கடைசிவரை அடிமைகளை வாங்கி வைத்திருந்தவர். 1825-ல் ‘ஆன்டலோப்’ என்ற அடிமைக் கப்பல் பற்றிய வழக்கில் அடிமை வியாபாரம் இயற்கை நீதிக்கு விரோதம் என்று எழுதிவிட்டு, நாடுகளுக்கிடையிலான சட்டப்படி அது குற்றமில்லை என்றார். இதையும் அந்தப் பெண் தெரிந்துகொள்ளட்டும்.

மஞ்சக்குப்பம் வக்கீல்:
நான் சொல்லாமல் விட்டது தப்பு. அவரை ரொம்ப நாளாக மதிக்கிறவன் நான். அந்தத் தீர்ப்பைப் படிக்கிறபோது மனசு கனக்கிறது. செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832-ல் எழுதியவரும் அவர்தான். இரண்டையும் எடுத்துப் படிம்மா.

பாகூர் மாணவி:
ரொம்ப நன்றி சார், ஐயா. இரண்டையும் எடுத்துவிட்டேன். மார்பரிக்குப் பதவி கிடைக்கவே இல்லை என்று படித்தேன். உங்கள் கட்சிக்காரர் அம்மாவுக்கு?

மஞ்சக்குப்பம் வக்கீல்:
நோட்டீஸ் போன மறு வாரம் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. எழுத்தர் வேலை. மடிப்பு கலையாமல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழம். போன வருஷம்தான் ஓய்வு பெற்றார்.